நீலக் கரடிக்குக் காப்பு கட்டியது

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டம் ஒன்று போட்டேன். இந்த வீட்டில் இனிமேல் போனைப் பார்த்துக்கொண்டு யாரும் சோறு தின்னக்கூடாது. முதலில் கண்ணாடி முன்னால் நின்று, மீசையை நீவிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் உள்ளே போய் மறுபடியும் போட்டேன்.

"யாரும்னா யாரு?" என்றாள் பிரேமலதா.

பிரேமலதா என் சம்சாரம். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். குண்டூசியோடு கேட்கிறவளிடம் பைய பதில் சொல்வதுதான் புத்தி.

"பிள்ளையத்தான் சொல்லுதேன்."

"அப்ப நீங்க பாத்துக்கிட்டுத் தின்னலாம்."

"நான் என்னத்தப் பாக்கேன்? கிரிக்கெட்டு ஸ்கோரு பாக்கேன். அது பொது அறிவுல்லா."

"ம்."

கல்யாணமானவர்களுக்கு இந்த 'ம்' தெரியும். விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்பு பிறகு வரும் என்று அர்த்தம்.

என் பேர் மகாராஜா. எங்கப்பா ஏதோ நினைப்பில் வைத்துவிட்டார். தச்சநல்லூரில் வாடகைக்கு ரெண்டு ரூமும் ஒரு அடுக்களையும் என் ராஜ்ஜியம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நாள் பூரா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவேன். வீட்டுக்கு வந்தால் என் வாய்க்கும் யாரோ டேப் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். பேச ஆள் கிடையாது. பிரேமலதா தையல் மிஷினில் இருப்பாள். பிள்ளை போனில் இருக்கும். நான் கட்டிலில் இருப்பேன்.

பிள்ளை பேர் பிரியதர்ஷினி, நாலு வயசு. அவளுக்கு ஒரு நீலக் கரடி உண்டு, போனுக்குள்ளே. அது பாடும், பல் விளக்கும், கேரட்டைத் தின்னச் சொல்லும். அது சொன்னால் தின்னுவாள். நான் சொன்னால் என்னை ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள், எப்போது முடியும் என்று. ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் தாயி" என்பேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மீண்டும் சந்திப்போம் குட்டீஸ்" என்பாள். அது கரடி சொல்கிற வாசகம். நானும் கையை ஆட்டிவிட்டுப் போவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், நானும் அவளுக்கு ஒரு குட்டீஸ் என்று உறைக்கும்.

ஆக, கண் கெடும், மூளை மழுங்கும் என்று நான் சட்டத்துக்குச் சொன்ன காரணமெல்லாம் ஊருக்கு. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்க்க வேண்டும்.

பிரேமலதாவிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் கண்ணைப் பற்றியே பேசினேன்.

"கண்ணு போயிரும்டி. பேச்சும் வராதாம். டாக்டருங்க சொல்லுதாங்க."

"எந்த டாக்டரு?"

"யூடியூப்ல ஒரு டாக்டரு."

"பேச்சு வராதா? அவ பேசுதத நிறுத்திக் காட்டுங்க பாப்போம்."

"நம்மகிட்ட பேச மாட்டேங்காள்லா?"

"உங்ககிட்ட பேச மாட்டேங்கான்னு சொல்லுங்க." குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "நீங்க ஷிப்டுக்குப் போயிருவிய. நான் சோறு பொங்கணும், துணி தைக்கணும். போனைக் குடுக்கலேன்னா அவ கை மிஷின் ஊசிக்குள்ளல்லா இருக்கும். கரடியாவது ஒரு எடத்துல உக்கார வைக்கி. நீங்க என்ன வைக்கிய?"

நியாயம் அவள் பக்கம். அதனால் குரலை உயர்த்தினேன். "நான் நெனச்சா ஊட்டிருவேன்."

"சரி, ஒரே ஒரு நேரம். போன் இல்லாம ஒரு கிண்ணம் சோறு தின்ன வச்சிருங்க. அந்தக் கரடிய நானே அழிச்சிருதேன்."

"சத்தியமா?"

"முத்தாரம்மன் மேல சத்தியம்."

அன்றைக்கு மத்தியானமே கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். ரசஞ்சோறு. காக்கா மாதிரிக் கத்தினேன். ரயில் விட்டேன். குட்டிக்கரணம் போடப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிரியதர்ஷினி வாயை இறுக மூடிக்கொண்டு, இந்த ஆள் எந்தப் பட்டனை அமுக்கினால் நிற்பான் என்று பார்த்தாள். பிறகு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு மாடி வீட்டு ஃபஹ்மிதா இறங்கி வந்துவிட்டாள்.

"போனைக் குடுத்துருங்கண்ணே, பிள்ளை ஏங்கிப் போவும். எங்க ஆரிப்புக்கு அவங்கத்தா துபாய்ல இருந்து வீடியோ கால்லதான் தெனமும் சோறு ஊட்டுதாவ. அவிய ஆ காட்டுன்னா இவன் ஆ காட்டுதான்."

துபாயில் இருக்கிறவன் மகனுக்குச் சோறு ஊட்டுகிறான். நான் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து ஊட்ட முடியவில்லை. போனைக் கொடுத்தேன். கரடி வந்தது. வாய் திறந்தது. ரசஞ்சோறு உள்ளே போனது. பிரேமலதா தைக்க உட்கார்ந்தாள். மிஷினைக் கொஞ்சம் உற்சாகமாக மிதித்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. கரடி சொன்னால் தின்கிறாள். நான் சொன்னால் தின்ன மாட்டாள். அப்படியென்றால் நான் கரடியாகிவிட வேண்டியதுதானே?

வேறு ஊராக இருந்தால் இப்படி யோசிக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் பக்கம் தசரா வருகிறது. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் மாலை போட்டு, காப்பு கட்டி, வேஷம் போடுவார்கள். காளி, குறவன், போலீஸ், பிச்சைக்காரன், குரங்கு, கரடி, அவரவர் நேர்ச்சைப்படி. வீடு வீடாகக் காணிக்கை எடுத்துக் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். எங்கள் தெருவிலேயே வேஷம் கட்டுகிறவர்களின் தசரா செட்டு ஒன்று உண்டு. மாலை போட்டேன். அம்மனிடம் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டேன். தாயே, எனக்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். என் பிள்ளை என்னைப் பார்க்கணும். அவ்வளவுதான்.

லீவு கேட்கப் பயந்துகொண்டே போனேன். எங்கள் சூப்பர்வைசர் சங்கர் சார் மாமியார் செத்ததற்கே அரை நாள்தான் கொடுத்த மனுஷன். அதுவும் அவருடைய மாமியார். ஆனால் தசரா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன வேஷம்லே?"

"கரடி சார்."

"நல்லது. நான் வருசாவருசம் பொம்பள வேஷம். உங்க செட்டுல ஒரு எடம் இருக்குமா?"

வேஷ சாமான் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சியிடம்தான் சிக்கல் வந்தது.

"கரடி நீலமா வேணும் அண்ணாச்சி."

"கறுப்புதான் உண்டு."

"நீலம்தான் வேணும்."

"நீலக் கரடி எந்தக் காட்டுல வே திரியுது?"

"போன்ல அண்ணாச்சி."

அவர் கொஞ்ச நேரம் என் மாலையைப் பார்த்தார். மூளை கழன்ற கோட்டிக்காரன் என்றாலும் மாலை போட்ட கோட்டிக்காரன் என்று விட்டுவிட்டார். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தைத்த நீல வெல்வெட் துணியைத் தேடி எடுத்து ஒரு கரடி தைத்துக் கொடுத்தார். தலை தனி. வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நேராக நிற்பது மட்டும் தெரியும். பக்கத்தில் எதுவும் தெரியாது.

காப்பு கட்டினவன் வீட்டில் படுக்கக்கூடாது. தெருக்கோடியில் ஓலையால் போட்ட குடிலில்தான் வாசம். ஒரு நேரச் சாப்பாடு, வெறுங்கால். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாயங்காலமானால் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகக் கரடிப் பாட்டு கேட்கும். பிள்ளை என்னைப் பக்கத்தில் வந்து பார்ப்பதற்காக நான் இன்னும் தள்ளி வந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது "அப்பா எங்க" என்று அவள் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கேரட்டைத் தின்னச் சொல்லித்தான் குரல் வந்தது.

குடிலில் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நான் என் குறையை அவிழ்த்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

காளி வேஷம் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. மற்ற நாளில் பிளம்பர். நாக்கைத் தொங்கவிட்டபடி பேச முடியாது என்பதால் நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "போன்ல என்ன வே தப்பு? எம்மவன் டைனோசர் பேரு பூரா அதுலதான் படிச்சான். எங்கப்பன் எனக்கு ஒரு டைனோசரக் காட்டியிருப்பானா?"

"எம்மவ பொம்மையப் பிரிக்கித வீடியோவா பாக்கா," என்றார் சங்கர் சார், சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே. "யாரோ ஒரு பயபுள்ள பெட்டியப் பிரிக்கான், பிரிக்கான், பிரிச்சுக்கிட்டே இருக்கான். இவ அதே பொம்மைய வாங்கிக் குடுங்கா. எனக்குல்லா செலவு பிரியுது."

"நான் போனுக்குப் பூட்டுப் போட்டேன்," என்றான் போலீஸ் வேஷம் இசக்கிமுருகன். "மறுநாளே எம்பய தெறந்துட்டான். கேட்டா, ஒங்க மொகத்தக் காட்டித்தான் தெறந்தேன், நீங்க ஒறங்கிக்கிட்டு இருந்திய, அப்படிங்கான். போலீசு என்ன வே செய்ய முடியும்?"

பொதுவாக, பிள்ளைகள் வீடியோ பார்ப்பது கெடுதல் என்று முடிவாயிற்று. முடிவு செய்த கையோடு எல்லாரும் அவரவர் போனைப் பார்க்கக் குனிந்தார்கள். காளி எதையோ பார்த்துச் சிரித்தாள். நான் மறுபடியும் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

"மகாராஜா, ஒண்ணு சொல்லுதேன்," என்றார் மந்திரமூர்த்தி அண்ணாச்சி, நிமிராமலே. "வீட்டுக்குள்ள போயி வாயத் தொறந்திராதயும். கொரலக் கேட்டா பிள்ளைக்கு நீருதான்னு தெரிஞ்சிரும். பொறவு கரடியும் போச்சு, அப்பனும் போச்சு."

எங்கள் தெருவில் காணிக்கை எடுக்கிற நாள் வந்தது. மேளக்காரர் அடிக்க, காளி முன்னே போக, நான் நீலமாகப் பின்னால் போனேன். தெருவுக்குள் காலை வைத்ததுதான் தாமதம், வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டன. அத்தனைக்கும் அந்தக் கரடியைத் தெரிந்திருக்கிறது. காளியை ஒருவரும் சீண்டவில்லை. மாடியிலிருந்து ஆரிப் இறங்கி ஓடி வந்து என் வாலைப் பிடித்துக்கொண்டான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று. என் பிள்ளை மட்டும் வரவில்லை. அது வீட்டுக்குள் போனில் கரடி பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். பிரேமலதா சோற்றுக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கையில் போன். நான் உள்ளே போய் அதன் முன்னால் நின்றேன்.

பிரியதர்ஷினி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு போன் அவள் கையிலிருந்து தன்னால் நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. பிரேமலதாதான் எடுத்துத் துடைத்தாள்.

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காமல், வாய் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக. அவள் கண்ணில் ஒரு பக்கம் லேசாக மச்சம் இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன். பிரேமலதா ஒரு கரண்டியை என் வெல்வெட் கைக்குள் செருகினாள். ஊட்டினேன். வாங்கினாள். இன்னொரு வாய். வாங்கினாள். ஊட்ட ஊட்ட என் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினாள். அவளுடைய செருப்பைப் பற்றி, ஆரிப் கடித்ததைப் பற்றி, அம்மா மிஷினில் ஒரு பூச்சி இருப்பதைப் பற்றி. இத்தனை பேச்சு அவளுக்குள் இருந்ததா? ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டேன்.

பிறகு பக்கத்தில் வந்து, கரடிக் காதில் ரகசியமாகச் சொன்னாள். "எங்கப்பா இங்கன இல்ல. அவிய சாமிக்குப் போயிருக்காவ. அவியளுக்குக் கரடி பிடிக்காது. நீ அவிய இல்லாதப்ப வா, என்னா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். கரடித் தலைக்குள் வேர்வை ஊற்றுகிறது. அதில் கண்ணீரும் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கொஞ்சம் அழுதேன்.

பிரேமலதா இளநீர் கொண்டுவந்து, உறிஞ்சுகிற குழாயைக் கரடி வாய்க்குள் விட்டாள். "குடிங்க, ரொம்ப வேக்காடா இருக்கும்," என்றாள் பைய. அவள் என்னிடம் அப்படிப் பேசி நாளாகிவிட்டது. கிண்ணம் காலி. காணிக்கையைத் தட்டில் போட்டு, என் காதருகே, "ஜெயிச்சிட்டிய. சொன்ன சொல்லு தப்ப மாட்டேன், அழிச்சிருதேன்," என்றாள்.

குலசேகரன்பட்டினத்துக்குப் போனோம். கடற்கரையில் சூரசம்காரம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். தாயே, கேட்டதைக் கொடுத்துவிட்டாய். இனி மேற்கொண்டு நான் பார்த்துக்கொள்கிறேன். காணிக்கையைச் செலுத்தி, காப்பை அவிழ்த்து, கரடியை வேஷக்கடை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழியில் பிள்ளைக்கு ஒரு பலூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். மனசுக்குள் பேச வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் செருப்பு. பிறகு ஆரிப் கடித்தது. பிறகு பூச்சி.

உள்ளே நுழைந்தேன். பிரேமலதா கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கையில் போன்.

"ஏட்டி, என்ன இது? அழிச்சிருதேன்னு முத்தாரம்மன் மேல சத்தியம் பண்ணுனல்லா?"

"அழிச்சிட்டேன். தேடிப் பாருங்க, ஒரு பொம்மைப் படம் இருக்காது."

"பொறவு அவ என்னத்தப் பாக்கா?"

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தேன். போனில் எங்கள் வீடு தெரிந்தது. எங்கள் வீட்டுத் தரை, எங்கள் வீட்டுக் கிண்ணம். ஒரு நீலக் கரடி என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. வாய் வழியாகப் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிறவள் எப்படித் தெரிவாள்?

"நல்லா விழுந்திருக்குல்லா?" என்றாள் பிரேமலதா. "மூணு நேரமும் இதப் பாத்துத்தான் திங்கா. பழைய கரடி பாட்டு முடிஞ்சா வாய மூடிருவா. இதுல கிண்ணம் காலியாவுத வரைக்கும் தொறந்தபடி இருக்கா. உங்க நேர்ச்சை பலிச்சிட்டுங்க. நாள் பூரா உங்களத்தான் பாக்கா."

"பலூன் வாங்கிட்டு வந்தேன் தாயி," என்றேன், பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து.

"தள்ளுங்கப்பா," என்றாள். "வெளிச்சம் மறைக்குது."

நான் தள்ளவில்லை. பிரேமலதா என் கையைக் கிள்ளி, "பிள்ளைகிட்ட அது நீங்கதான்னு சொல்லிராதிய. சோறு எறங்காது," என்று முணுமுணுத்தாள். கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையில் நான் இல்லை. மாலை போட்டு, பட்டினி கிடந்து, வெறுங்காலோடு நடந்து, வெந்து வேக்காட்டில் கிடந்தவன் நான். திரைக்குள்ளே அவள் முட்டியில் கை வைத்துப் பேசுவது என்னிடம். அது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

"தர்ஷினி, இங்கன பாரு. அந்தக் கரடி அப்பாதான். நாந்தான் தாயி உனக்கு ஊட்டுனேன்."

போன் தாழ்ந்தது. பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா பொய் சொல்லுதாவ."

பிரேமலதா என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

"ஆமா தாயி, பொய்தான் சொல்லுதாவ. நீ வாயத் தொற."